மூன்று தட்டுக்குப் பிறகு வயலின்

இன்னாசிமேரி ஒரு வாரமாகக் கைக்கு எண்ணெய் தடவவில்லை. உப்பளத்தில் வேலை செய்கிற யாரும் அப்படி இருக்க மாட்டார்கள். உப்புத் தண்ணீர் விரல் நுனியைக் கத்தியால் கீறின மாதிரி வெடிக்க வைக்கும். ராத்திரி வேப்பெண்ணெய் போட்டுப் படுத்தால்தான் மறுநாள் பலகையைப் பிடித்து உப்பு வார முடியும். ஆனால் எண்ணெய் ஊறின விரல் வயலின் தந்தியில் நிற்காது, வழுக்கும். சனிக்கிழமை கச்சேரி. அதனால் வெடிப்போடு அளத்துக்குப் போனாள், வெடிப்போடு வந்தாள். சோறு பிசையும்போது குழம்பின் காரம் ஏறிக் கண்ணில் தண்ணீர் வந்தது. அம்மா ஆனந்தம்மாள் பார்த்துவிட்டு, "தொரசானிக்கு ஸ்பூன் வாங்கியாரட்டா?" என்றாள்.

கச்சேரி என்றால் பாட்டுக் கச்சேரி இல்லை. மாஸ்டர் அமிர்தராஜின் சிம்பொனி. மாஸ்டர் இந்த ஊரில் பிறந்தவர்தான். சின்ன வயசிலேயே புதுச்சேரிக்குப் போய், வெள்ளைக்காரன் இருந்த காலத்தில் போலீஸ் பேண்டில் சேர்ந்து, நரைத்த பிறகு திரும்பி வந்தவர். மாதா கோயிலில் பழைய சாமியார் விட்டுப்போன வயலின்கள் ஒரு பெட்டி நிறையக் கிடந்தன. ஆள் உயரத்துக்கு ஒரு பெரிய வயலினும் இருந்தது. அதற்குள் எலி குட்டி போட்டிருந்தது. மாஸ்டர் எல்லாவற்றையும் துடைத்து, பசை போட்டு ஒட்டி, தந்தி மாட்டி, அளத்து ஆட்களைப் பிடித்து உட்காரவைத்தார். கோயிலுக்கு வருகிறவன் வராதவன் என்று பார்க்கவில்லை. ஊரில் சாவுக்கு வாசிக்கிற பேண்டு செட் ஒன்று இருந்ததால் இதற்குப் 'பெரிய செட்டு' என்று பெயர் வந்தது. முதல் வருஷம் பெரிய செட்டு வாசித்தபோது நாய்கள் ஊளையிட்டன. அப்புறம் நாய்களுக்கும் பழகிவிட்டது.

மழைக்காலத்தில் அளம் முழுக்கத் தண்ணீர் நிற்கும், வேலை இருக்காது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்று மாசமும் பயிற்சி. கிறிஸ்மஸுக்கு ஒரு கச்சேரி, ஈஸ்டருக்கு ஒன்று, மே மாசம் மாதா திருவிழாவுக்கு ஒன்று. இதற்குப் 'பருவம்' என்று மாஸ்டர் பெயர் வைத்து நோட்டீஸே அடித்துவிட்டார்: '1974ஆம் ஆண்டுப் பருவம், பழையதும் புதியதும்.' பழையது என்றால் செத்துப்போன ஜெர்மன்காரர்கள் எழுதினது. புதியது மாஸ்டரே எழுதினது. மே மாசக் கச்சேரியில் புதியதை வாசிக்க வேண்டும். அதன் நடுவில் எல்லாரும் நிறுத்திவிடுவார்கள், இன்னாசிமேரி ஒருத்தி மட்டும் எழுந்து நின்று வாசிப்பாள்.

அதைக் கேட்கத்தான் மதர் ஜோசப்பின் வருவதாக இருந்தது. புதுச்சேரியில் பெண்கள் போர்டிங் பள்ளிக்கூடம் நடத்துகிறவர். பிள்ளைகளுக்கு வயலின் கற்றுக்கொடுக்க ஒரு பெண் வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தார். மாஸ்டர் போய்ச் சொல்லியிருந்தார். பிடித்திருந்தால் ஜூன் மாசம் பள்ளி திறக்கும்போது வரச்சொல்வார், தங்க இடமும் உண்டு.

பிடிக்காவிட்டால் என்ன ஆகும் என்பது இன்னாசிமேரிக்குத் தெரியும். அப்பா இல்லாத வீடு. அவளும் அம்மாவும் இரண்டு பாத்தி பார்க்கிறார்கள். பக்கத்துப் பாத்தி அந்தோணிதாஸ் பெண்டாட்டியை இழந்தவன். சீசன் முடிந்ததும் அவனுக்குக் கட்டிவைப்பது என்று அம்மா பேசி முடித்திருந்தாள். அவன் குடிக்க மாட்டான், கையை நீட்ட மாட்டான், குறை சொல்ல ஒன்றுமில்லை. அவனுடைய இரண்டு பாத்தியும் இவர்களுடையதும் ஒரே வரப்பில் இருந்தன. அம்மா அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள், நாலும் ஒண்ணாப் போயிடும் என்று. இன்னாசிமேரி அந்த நாலு பாத்தியையும் வெயிலில் நின்று பார்ப்பாள். சாகிற வரைக்கும் இதன் நாலு மூலைக்குள்தான் என்று தோன்றும்.

புதுச்சேரி விஷயத்தை அம்மாவிடம் சொன்னபோது அவள் சண்டை போடவில்லை. "போறதுன்னா போ. எனக்கு முட்டி மடங்கலைன்னா மேஸ்திரி பாத்தியை எடுத்துக்குவான். அவ்ளோதானே" என்றாள். சண்டை போட்டிருந்தால் இன்னாசிமேரிக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பாத்தியை எடுத்துக்கொள்வது என்பது சும்மா சொல்கிற பேச்சு இல்லை. அளத்து முகப்பில் ஒரு கம்பத்தில் தண்டவாளத் துண்டு தொங்கும். கோடையில் திடீர் மழை வரும்போல இருந்தால் காவலுக்கு இருக்கிறவன் அதை மூன்று தட்டு தட்டுவான். நிறுத்துவான். மறுபடி மூன்று. சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும், பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாலும், குளித்துக்கொண்டிருந்தாலும் ஓட வேண்டும். வாரி வைத்த உப்பை வரப்பில் குவித்து, பனையோலை போட்டு மூடவேண்டும். ஒரு மழை போதும், ஒரு மாச உப்பு தண்ணீராகப் போய்விடும். தண்டவாளம் அடித்து வராத குடும்பத்துக்கு மறு வருஷம் பாத்தி கிடையாது. இன்னாசிமேரி சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவள் அப்பா ஒரு தடவை போதையில் எழுந்திருக்கவில்லை. அடுத்த வருஷம் மூன்று பேரும் வானூர்ப் பக்கம் களை பறிக்கப் போய், கண்டவன் மாட்டுக் கொட்டகையில் படுத்தார்கள். அதிலிருந்து அந்த வீட்டில் யாருக்கும் அசந்த தூக்கம் கிடையாது.

மாஸ்டருக்கு அந்தத் தண்டவாளத்துச் சத்தத்தின் மேல் ஒரு பித்து. புதியதில் அதைச் சேர்த்திருந்தார். எல்லா வாத்தியமும் கடல் மாதிரி ஏறி வந்து சட்டென்று நிற்கும். தண்டவாளம் மூன்று தட்டு. அப்புறம் தனி வயலின். மழைக்காலத்தில் தண்டவாளத்துக்கு வேலை இல்லை. துருப்பிடிக்காமல் இருக்க மேஸ்திரி இருசப்பன் அதைக் கழற்றி வீட்டில் வைத்திருப்பான். மாஸ்டர் கேட்டதும் தூக்கிக் கொடுத்தான். டிசம்பர் பூராவும் செட்டில் தாளம் தட்டுகிற சகாதேவன் அதைக் கட்டித் தொங்கவிட்டு அடித்தான், எல்லாரும் வாசித்தார்கள், ஊரே கேட்டது. ஒருத்தரும் அசையவில்லை. வெளியே மழை கொட்டும்போது மழைக்கு எச்சரிக்கை அடித்தால் யாருக்கு என்ன? தை மாசம் தண்டவாளம் கம்பத்துக்குத் திரும்பிப் போனது. அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சியில் சகாதேவன் பித்தளைத் தாம்பாளத்தைத் தட்டிச் சமாளித்தான். கச்சேரிக்கு மட்டும் அசல் வேண்டும் என்று மாஸ்டர் பிடிவாதம் பிடித்தார். சனிக்கிழமை மத்தியானம் இருசப்பனே சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, முன்வரிசையில் இடம் பிடித்து உட்கார்ந்தான். மே மாசம் அது என்ன சொல்லும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. இன்னாசிமேரிக்கும் தோன்றவில்லை.

கோயிலுக்கு முன்னால் கீற்றுப் பந்தல். மேடைக்கு உப்பு மூட்டை அடுக்குகிற பலகைகளைப் போட்டிருந்தார்கள். பொழுது சாய்கிற நேரம். பந்தல் நிறைந்து வெளியிலும் ஆட்கள் நின்றார்கள். மதர் ஜோசப்பின் மூக்குக் கண்ணாடியோடு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். திரும்பிப் போக ஏழு மணி பஸ்ஸை விட்டால் வேறு இல்லை என்று வந்ததுமே சொல்லிவிட்டார்.

பழையதில் இரண்டு வாசித்தார்கள். சாவு செட்டிலிருந்து இரவல் வந்த கிளாரினெட் ஒரு இடத்தில் கீச்சென்றது, மற்றபடி சேதமில்லை. பின்னால் இருந்து அளத்துக்காரி பொன்னி, "எங்க அந்தப் பெரிய வயலினு? அதை ஒரு தபா சத்தமா அடிக்கச் சொல்லு" என்றாள். சிரிப்பு அடங்கினதும் புதியது ஆரம்பித்தது. இன்னாசிமேரிக்கு விரல் வலி தெரியவில்லை. கடல் மாதிரி ஏறி வந்த சத்தத்துக்குள் அவளும் இருந்தாள். இதோ நிற்கப்போகிறது, இதோ எழுந்திருக்கப் போகிறோம் என்று இருந்தது. மதர் முன்னால் சாய்ந்து உட்கார்ந்ததைப் பார்த்தாள்.

எல்லாம் நின்றது. சகாதேவன் சம்மட்டியை ஓங்கித் தட்டினான். ஒன்று. இரண்டு. மூன்று.

அவள் எழுந்து நின்றாள். தந்தியில் வில்லை வைத்தாள். பந்தலுக்கு வெளியே யாரோ, "மழைடா" என்றார்கள்.

பொன்னி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எழுந்ததைத்தான் முதலில் பார்த்தாள். அப்புறம் பார்க்க முடியவில்லை, பந்தல் மொத்தமும் எழுந்துவிட்டது. இருசப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினான். தண்டவாளம் தன் எதிரில்தான் தொங்குகிறது என்பது அவனுக்கு மறந்துபோனது. கூட்டம் ஓடுவதைப் பார்த்ததும் சகாதேவன் சம்மட்டியைப் போட்டுவிட்டு மேடையிலிருந்து குதித்தான். அடித்தவனுக்கே அடித்தது யார் என்று தெரியவில்லை. மாஸ்டர் தூக்கின கை தூக்கினபடி, "டேய், டேய், உக்காருங்கடா" என்று கத்திக்கொண்டிருந்தார்.

இன்னாசிமேரிக்குத் தெரியும். இது பாட்டு, அடுத்தது தன் முறை என்று மண்டைக்குள் ஒரு மூலையில் தெளிவாகத் தெரிந்தது. அதே சமயம் அம்மா ஓடுவதும் தெரிந்தது. முட்டியைக் கையால் பிடித்துக்கொண்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்து, எல்லாருக்கும் பின்னால் ஓடிக்கொண்டிருந்தாள். அதற்கு மேல் இன்னாசிமேரி யோசித்த மாதிரி ஞாபகம் இல்லை. சவுக்குத் தோப்பில் உதிர்ந்த காய் காலில் குத்தினது ஞாபகம் இருந்தது. ஓடுகிறவர் யாரும் வானத்தைப் பார்க்க மாட்டார்கள், வழுக்குகிற வரப்பைத்தான் பார்ப்பார்கள்.

பாத்திக்கு வந்ததும் கையில் இருந்ததை ஓலைக் கட்டின் மேல் வைத்துவிட்டுப் பலகையை எடுத்தாள். வாரி வாரித் தள்ளினாள். அம்மா குவித்தாள். அந்தோணிதாஸ் தன்னுடையதை விட்டுவிட்டு வந்து கைகொடுத்தான். "ஓலையப் போடுடி" என்று சொல்லிக்கொண்டே அம்மா ஓலைக் கட்டை உருவி இழுத்தாள். ஏதோ ஒன்று நழுவிப் பாத்தியில் விழுந்தது. மூடி முடித்து, ஓலை பறக்காமல் மண்கட்டி வைத்து, இடுப்பை நிமிர்த்தின பிறகுதான் மூன்று பேரும் மேலே பார்த்தார்கள்.

ஒரு மேகம் இல்லை. மேற்கே வானம் பூசணிப் பழம் மாதிரி இருந்தது.

தூரத்து வரப்பில் யாரோ சிரிக்க ஆரம்பித்தார்கள். அது பாத்தி பாத்தியாக இந்தப் பக்கம் வந்தது. இருசப்பன் தலையில் கை வைத்து உட்கார்ந்து, "அட எவன்டா அடிச்சது?" என்று கேட்க, சகாதேவன் இடுப்பளவு ஓலைக்குள் நின்றுகொண்டு, "நான்தாம்பா" என்றான். அம்மாவும் சிரித்தாள். பிறகு மகள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

வயலின் குப்புறக் கிடந்தது. எடுத்தபோது உள்ளேயிருந்து உப்புத் தண்ணீர் ஓடிற்று. மாஸ்டர் ஒட்டின பசை விட்டு, முதுகுப் பலகை வாய் பிளந்திருந்தது.

அதைத் தூக்கிக்கொண்டு அவள் பந்தலுக்குப் போனாள். காலி நாற்காலிகளுக்கு நடுவே மதர் ஜோசப்பின் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தார். மாஸ்டர் இன்னொரு வயலினை எடுத்துக் கொடுத்தார். பஸ்ஸுக்கு நேரம் இருக்கிறது, அந்தத் தனியை மட்டும் கேட்கிறேன் என்றார் மதர். குரலில் கோபம் இல்லை.

இன்னாசிமேரி மேடை விளிம்பில் நின்று வாசித்தாள். வெடிப்புக்குள் உப்பு ஏறி விரல் எரிந்தது. ஒவ்வொரு தடவை தந்தியை அழுத்தும்போதும் நெருப்பை அழுத்துகிற மாதிரி இருந்தது. ஆனால் வாசிப்பு தப்பவில்லை. மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். பின்னால் இருசப்பன் சத்தம் போடாமல் தண்டவாளத்தை அவிழ்த்துத் தோளில் வைத்துக்கொண்டு போனது அவளுக்குத் தெரியாது. ராத்திரிக் காவலுக்கு அது கம்பத்தில் இருந்தாக வேண்டும். மாட்டி முடித்ததும், கயிறு தாங்குகிறதா என்று ஒரு தட்டு தட்டிப் பார்ப்பது அவன் வழக்கம்.

தட்டினான். ஒரே ஒரு தட்டு.

வில் நின்றது. அளத்தில் யாரும் ஓடவில்லை, சிரிப்புச் சத்தம்தான் கேட்டது. மதர் அவள் கையைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னாசிமேரியும் குனிந்து பார்த்தாள். இடது கால் மேடையிலிருந்து இறங்கி மணலில் இருந்தது.

அதைத் தூக்கி மேலே வைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து கடைசி வரை வாசித்தாள்.

மதர் எழுந்து வந்து அவள் தோளைத் தொட்டார். நன்றாக வாசிக்கிறாய், பொய் சொல்லவில்லை என்றார். பிறகு, "நடு வகுப்புல பிள்ளைங்கள விட்டுட்டு நீ ஓடிட்டீன்னா, பெத்தவங்களுக்கு நான் என்னம்மா பதில் சொல்றது?" என்று கேட்டார்.

"அங்க அளம் இல்லீங்களே மதர்."

"மணி இருக்குதேம்மா. காலையிலேர்ந்து சாயந்திரம் வரைக்கும் அடிச்சிக்கிட்டே இருக்கும்."

ஓட மாட்டேன் என்று சொல்லலாம்தான். சொல்ல வேண்டியது வாய் இல்லை, கால். அடுத்த பருவத்துக்கு அவசியம் வருவதாக மாஸ்டரிடம் சொல்லிவிட்டு மதர் ரோட்டுப் பக்கம் நடந்தார். மாஸ்டர் கூடவே போனார், ஏதோ சொல்லிக்கொண்டே போனார். பஸ் வந்து, நின்று, போனது.

அம்மா பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை.

"என்னா சொன்னாங்க?"

"வர்றேன்னாங்க. அடுத்த வருஷம்."

அம்மா வாய் பிளந்த வயலினை எடுத்து முந்தானையால் துடைத்தாள். துடைக்கத் துடைக்க உப்பு வெள்ளையாகப் பூத்தது. "பசை போட்டா ஒட்டிக்கும்" என்றாள். பிறகு, "ஈர உப்ப மூடி வச்சா புழுங்கிப் போயிடும். ஓலைய எடுக்கணும். எனக்கு முட்டி மடங்கல" என்றாள்.

இன்னாசிமேரி நல்ல வயலினைப் பெட்டியில் வைத்து மூடினாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தோப்பு வழியாக நடந்தாள். இருட்டத் தொடங்கியிருந்தது. வரப்பில் அந்தோணிதாஸ் அவர்கள் பாத்தி ஓலையை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தான், யாரும் சொல்லாமல். அவள் அடுத்த முனையைப் பிடித்தாள்.