மூக்கு மாஸ்டரின் நஷ்டம்

ஆஸ்பத்திரி நடையில் காத்திருந்தபோது மாஸ்டர் மனைவியிடம், இங்கே என்ன வாசனை வருகிறது என்று கேட்டார். பினாயில் என்றாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டார். யாரோ ஆரஞ்சு உரிக்கிறார்கள் என்றாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு இழுத்துப் பார்த்தார். தண்ணீர் நின்றுபோன குழாயைத் திறந்த மாதிரி வெறும் காற்றுதான் வந்தது.

ஓட்டல் சமையலறையில் அவருக்கு மூக்கு மாஸ்டர் என்று பேர். அடுப்புக்கு எதிர்க்கோடியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே, சூப்பு அடிப்பிடிக்கிறது பார் என்பார். ஓடிப்போய்ப் பார்த்தால் அப்போதுதான் பிடிக்க ஆரம்பித்திருக்கும். அடுப்புக்கு மேலே புகைக்கூண்டுத் தகரம் ஆடுகிறது என்று முதலாளியிடம் எத்தனையோ தடவை சொல்லியிருந்தார். பார்க்கலாம், பார்க்கலாம் என்று முதலாளியும் எத்தனையோ தடவை சொன்னார். ஒரு மத்தியானம் தகரம் கழன்று மாஸ்டரின் மண்டையில் இறங்கியது. தையல் ஆறிவிட்டது, மூக்கு திரும்பவில்லை. உள்ளே நரம்பு அறுந்துவிட்டது, இனி வராது என்று சொல்லிவிட்டார்கள்.

வேலைக்குத் திரும்பிய முதல் வாரமே கெட்டுப்போன இறைச்சியைச் சமைத்து மேசைக்கு அனுப்பிவிட்டார். சாப்பிட்டவர்கள் வாந்தி எடுத்தார்கள். முதலாளி அவரை வீட்டுக்கு அனுப்பினார். அடுப்போடு போன சம்பளத்துக்கு நஷ்டஈடு கேட்டு இன்சூரன்ஸ் ஆபீசில் மனுப் போட்டார்கள்; கிடைத்தால் அதில் ஒரு பங்கு முதலாளி தலையிலும் விழும். பணம் வந்தால் வாசலில் ஒரு பெட்டிக்கடை வைத்துவிடலாம் என்பது மனைவியின் ஆசை. சோப்பும் தீப்பெட்டியும் விற்க மூக்கு எதற்கு?

இன்று சோதனைக்குக் கூப்பிட்டிருந்தது இன்சூரன்ஸ்காரர்களின் டாக்டர். ஒரு சீசாவின் மூடியைத் திருகி மாஸ்டரின் மூக்கடியில் நீட்டினார். அழுகின முட்டையோ வேறென்ன கண்றாவியோ, டாக்டரே முகத்தைத் திருப்பிக்கொண்டார். கதவருகே நின்ற மனைவி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். மாஸ்டர் மட்டும் பாடம் கேட்கிற பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"மூச்சை அடக்கிக்கிறீங்களா?" என்றார் டாக்டர்.

இல்லை என்று காட்டுவதற்காக மாஸ்டர் நெஞ்சு விம்மும்படி இழுத்தார். டாக்டர் எழுதிக்கொண்டார். கண், காது, கை, கால் எல்லாம் நன்றாக இருக்கின்றன என்பதையும் மறக்காமல் எழுதிக்கொண்டார்.

முடிவு தெரிய மாதக்கணக்காகும் என்றார்கள். வீட்டு வாடகை அதுவரை காத்திருக்குமா? மனைவி நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துக் கொண்டுவருவது பாதி மாதத்துக்கே பற்றவில்லை. அப்போது முதலாளியே வீடு தேடி வந்தார். பழைய ஆளைக் கைவிட அவருக்கு மனசு வரவில்லையாம். சம்பளத்தில் ஒரு காசு குறைக்கமாட்டாராம். வேலைதான் வேறு.

"பின்பக்கத்துக் குழி இருக்கே மாஸ்டர், அதுக்கு ஒருத்தனும் நிக்கமாட்டேங்குறான். உங்களுக்குத்தான் நாத்தம் தெரியாதே."

அவர் தலை மறைந்ததும் மனைவி வாசலில் காறித் துப்பினாள். மண்டையில் தகரத்தைப் போட்டதும் இல்லாமல் அதிலும் ஆதாயம் பார்க்கிறானே என்று பொருமினாள்.  மறுநாள் காலையில் மாஸ்டர் குழிக்குள் இறங்கினார்.

சமையலறைக் கழிவெல்லாம் வந்து விழுகிற தொட்டி அது. மேலே கொழுப்பு இறுகி மஞ்சள் தோலாக மூடியிருக்கும். அதை மண்வெட்டியால் கொத்தி வாளியில் அள்ள வேண்டும். தோலுக்கு அடியில் எச்சில், எலும்பு, மயிர்ச்சுருள், சில நாள் ஊதிப்போன எலி. முகத்தில் துணி கட்டிக்கொண்டு எட்டி நின்று வாளியை வாங்கினார்கள் சமையலறை ஆட்கள். அண்ணே அண்ணே என்று அவரையே சுற்றிவந்தவர்கள், இப்போது பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. வீட்டில் அவர் தட்டின் முன் உட்கார்ந்தால் மகள் ஏதாவது சாக்குச் சொல்லி எழுந்துவிடுவாள். பிள்ளைக்குப் படிப்பு அதிகம் போல என்று அவர் நினைத்துக்கொண்டார்.

இன்சூரன்ஸ் ஆபீசிலிருந்து அழைப்பு வந்த நாளன்றும், குழி வழிகிறது, அள்ளிவிட்டுப் போங்கள் என்றார் முதலாளி. மாஸ்டர் அள்ளிவிட்டு, ஓட்டல் குழாயடியில் தேய்த்துத் தேய்த்துக் குளித்தார். நகக்கண்ணைக் குச்சியால் சுரண்டினார். பையில் கொண்டுவந்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டார். ஆபீஸ் வாசலில் காத்திருந்த மனைவியிடம் இரண்டு கையையும் நீட்டினார்.

"ஏதாவது வருதா?"

"சோப்பு வாசனைதாங்க," என்றாள்.

உள்ளே அதிகாரி உட்காரச் சொன்னார். அவர்கள் உட்கார்ந்ததும் தன் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். ஜன்னலைத் திறக்கச் சொல்லிக் குரல் கொடுத்தார். கைக்குட்டையை எடுத்து மூக்கில் அழுத்திக்கொண்டார். மாஸ்டர் அந்தக் கைக்குட்டையைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூக்கு போனது உண்மைதான் என்று அதிகாரி கைக்குட்டைக்குள்ளிருந்தே பேசினார். டாக்டரும் அதை ஒத்துக்கொள்கிறார். ஆனால் கேட்டிருப்பது சம்பள நஷ்டம். சம்பளச் சீட்டுகளை முதலாளியே நேரில் வந்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

"அதே ஓட்டல், அதே சம்பளம். இதுல நஷ்டம் எங்க இருக்கு?"

சம்பளம் ஏன் குறையவில்லை என்பது மனைவிக்கு அப்போதுதான் உறைத்தது.  அவள்தான் பேசினாள்.

"அவரு சமையல் பண்ணுறவருங்க. இப்ப சாக்கடை அள்ளுறாரு."

"அதுல என்னம்மா கஷ்டம்? அவருக்குத்தான் நாத்தமே தெரியாதே."

"எனக்குத் தெரியுதுங்க," என்றாள்.

 அதிகாரி மனு தள்ளுபடி என்ற தாளை விரல்நுனியால் நகர்த்தினார், கையெழுத்துப் போடத் தன் பேனாவையும் உருட்டிவிட்டார். மாஸ்டர் ஒவ்வொரு எழுத்தாகப் போட்டார். பேனாவை வெள்ளைச் சட்டையில் துடைத்து இரண்டு கையாலும் நீட்டினார். அங்கேயே வைங்க என்றார் அதிகாரி. அவர்கள் கதவைத் தாண்டும் முன்பே அதை ஒரு காகிதத்தால் பிடித்துத் தூக்கிக் குப்பைக்கூடையில் போட்டார்.