கப்பலில் இருக்க வேண்டிய இருவர்

ஷஹானா கோலாலம்பூரில் அனைத்துலக உறவுகள் படித்துக்கொண்டிருந்தாள். கடைசி ஆண்டு. வீடு போர்ட் கிள்ளானில். விடியற்காலையில் கொமியூட்டர் ரயில் ஏறி, கே.எல். சென்ட்ரலில் இறங்கி, பிரிக்ஃபீல்ட்ஸ் நெரிசலில் நடந்து பஸ் பிடித்து வகுப்பில் போய் உட்காரும்போதே பாதி உயிர் போயிருக்கும். அத்தா தாவூத்துக்குக் கிள்ளானில் துணிக்கடை. “உலகத்தையே படிச்சு எந்த நாட்டுக்கு ராணியா போகப்போற?” என்று கேட்பார். கேட்டுக்கொண்டே மோட்டார் சைக்கிளை எடுத்து அவளை ஸ்டேஷனில் கொண்டுபோய் விடுவார்.

கடைசிப் பருவத்தில் எல்லாரும் எங்காவது தொழிற்பயிற்சி செய்ய வேண்டும். கூடப் படித்தவர்கள் தூதரகங்களுக்கு அலைந்தார்கள். ஷஹானாவுக்கு ரயிலே அலுத்துப்போயிருந்தது. வீட்டுக்குப் பக்கத்தில், துறைமுகத்தில் இருந்த மாலுமிகள் உதவி மையத்தில் சேர்ந்துகொண்டாள். மையத்தை நடத்தியவள் ரமணி. பேச்சில் கறார், கையில் எப்போதும் பாதி குடித்த தே ஓ, பால் சேர்க்காத தேநீர்.

“உனக்குத் தமிழ் நல்லா வரும்தானே?” என்று ரமணி முதல் நாளே கேட்டாள். “வெளியில ஒரு கப்பல் நிக்குது. அதுல ஒரு அங்கிள் இருக்காரு. இங்கிலீஷ்ல பேசினா ரெண்டு வார்த்தைல முடிச்சிடுறாரு. நீ பேசிப் பாரு லா.”

துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டிருந்த பழைய சரக்குக் கப்பல் அது. முதலாளி போனை எடுப்பதை நிறுத்திப் பல மாதங்கள் ஆகியிருந்தன. சம்பளம் இல்லை, டீசலும் தீர்ந்துகொண்டிருந்தது. மையம் படகில் அனுப்பும் அரிசியும் தண்ணீரும்தான் சாப்பாடு. ஆட்கள் இல்லாமல் கப்பலைக் கடலில் விட முடியாது என்பதால், அதில் இருந்தவர்கள் இறங்கவும் முடியவில்லை. கப்பல் பதிவாகியிருந்தது ஏதோ ஒரு சின்னத் தீவு நாட்டில். முதலாளி வேறொரு நாட்டுக்காரர். மாலுமிகள் நாலைந்து நாட்டுக்காரர்கள். நிற்பதோ மலேசியக் கடலில்.

அந்த அங்கிளின் பெயர் கார்த்திகேசு. திருகோணமலைக்காரர், கப்பலின் இஞ்சினியர். கரைக்குப் பக்கத்தில் நின்றதால் கப்பலுக்கு சிக்னல் கிடைத்தது. ஷஹானா மத்தியானங்களில் வாட்ஸ்அப்பில் கூப்பிடுவாள்.

“எப்ப இறங்கலாம் எண்டு ஏதும் தெரியுமோ பிள்ளை?” இதுதான் அவர் முதலில் கேட்பது.

“எழுதியிருக்கோம் அங்கிள். பதில் வரல.”

“ஓம். எழுதுங்கோ.”

அவள் எழுதிக்கொண்டேதான் இருந்தாள். தீவு நாட்டின் பதிவு அலுவலகம், மாலுமிகளின் தூதரகங்கள், இங்குள்ள கடல்துறை அலுவலகம். எல்லா இடத்திலிருந்தும் மரியாதையான பதில்கள் வந்தன. எல்லாமே வேறு யாரையாவது கேட்கச் சொல்லின. இறையாண்மை, பொறுப்பு, உடன்படிக்கை என்று மூன்று வருடமாகப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிய சொற்கள் அவளுக்கு இப்போது புளித்துப்போயின.

அவளுடைய பல்கலைக்கழக மேற்பார்வையாளர் டாக்டர் தியாகராஜனுக்கு மட்டும் இதில் உற்சாகம். “இதையே உன் ஆய்வா எடுத்துக்கோம்மா,” என்றார். கருத்தரங்கில் அவள் இந்தக் கப்பலைப் பற்றிப் பேசியபோது எல்லாரும் கைதட்டினார்கள். அன்று மாலை கே.எல். சென்ட்ரலில் ரயிலுக்குக் காத்திருந்தபோது கார்த்திகேசு கூப்பிட்டார். ஜெனரேட்டர் நின்றுவிட்டதாம், இருட்டில் இருக்கிறார்களாம், சமையல்காரருக்கு நெஞ்சு வலியாம். மேடையில் கைதட்டு வாங்கியதை நினைக்கவே அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

சமையல்காரரை மட்டும் படகில் கொண்டுவந்து மருத்துவமனையில் சேர்த்தார்கள். அதைக் காரணமாக வைத்து இன்னொரு தடவை முயலலாம் என்று ரமணி சொன்னாள். கடல்துறைக்கு ஷஹானாதான் கடிதம் எழுதினாள். எல்லாரையும் விடுங்கள் என்று கேட்டால் முடியாது என்பார்கள். அது அவளுக்குத் தெரியும். முழுதாகக் கேட்டால் ஒன்றும் கிடைக்காது, கொடுக்கக்கூடியதைக் கேள் என்றுதான் பேச்சுவார்த்தை வகுப்பில் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார்கள். அதனால், கேப்டனும் ஓர் இஞ்சினியரும் மட்டும் பாதுகாப்புக்குக் கப்பலில் இருக்கட்டும், மற்றவர்களை வீட்டுக்கு அனுப்ப அனுமதியுங்கள் என்று எழுதினாள். கப்பலில் மிஞ்சியிருந்த ஒரே இஞ்சினியர் கார்த்திகேசு. அதுவும் அவளுக்குத் தெரியும். அவரைக் கேட்டுவிட்டு எழுதலாமா என்று யோசித்தாள். கேட்டால் அவர் என்ன சொல்வாரோ என்ற பயத்தில் கேட்காமலே அனுப்பிவிட்டாள்.

அனுமதி வந்தது.

“நீயே சொல்லிடு,” என்றாள் ரமணி. “தமிழ்ல சொன்னாத்தான் நல்லாயிருக்கும்.”

“எப்படிக்கா சொல்றது?”

“சுத்தி வளைக்காம சொல்லு.”

ஷஹானா சொன்னாள். 

“அப்ப நானும் கேப்டனும் நிக்க வேணும்.”

“ஆமா அங்கிள்.”

“ரெண்டு பேர் நிப்பினம் எண்டு ஆர் எழுதினது? அவங்களோ, நீங்களோ?”

“நான்தான்.”

“என்னை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம் பிள்ளை,” என்றார் கார்த்திகேசு. “நான் ஓம் எண்டுதான் சொல்லியிருப்பன். ஆனால் கேட்டிருக்கலாம்.” போனை வைத்துவிட்டார்.

மற்றவர்கள் ஊருக்குப் போனார்கள். விமான நிலையத்திலிருந்து சிரித்தபடி படம் எடுத்து அனுப்பினார்கள். டாக்டர் தியாகராஜன் அதைப் பார்த்துவிட்டு, “நல்ல முடிவு. இதுதான் சமரசம்கிறது,” என்றார்.

“அந்த ரெண்டு பேரு டாக்டர்?”

“எல்லா உடன்பாட்டுலயும் யாராவது கொஞ்சம் இழக்கத்தான் செய்வாங்க.” அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அடுத்த வகுப்புக்கு நேரமாகிவிட்டிருந்தது.

கார்த்திகேசு போனை எடுப்பதை விட்டுவிட்டார். கேப்டன்தான் ஆங்கிலத்தில் ஓரிரு வரி அனுப்புவார். ஷஹானாவுக்கு ஆய்வு ஓடவில்லை. ரயிலில் உட்கார்ந்தால் தூங்கிவிடுவாள், வீட்டில் படுத்தால் தூக்கம் வராது. அம்மா மஜீதா நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “காய்ச்சல் இல்லியே, என்னடி ஆச்சு உனக்கு?” என்பாள்.

ஒரு சனிக்கிழமை, அரிசி கொண்டுபோகும் படகில் அவளும் ஏறினாள். அதுவரை அவள் கப்பலை நேரில் பார்த்ததில்லை. கிட்டே போகப் போக அது துருப்பிடித்து ஓங்கி நின்றது. மேலே ஏற அவளுக்கு அனுமதி இல்லை. மேல்தளக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்த கார்த்திகேசு, போனில் கேட்ட குரலுக்கு அவள் நினைத்திருந்ததைவிட ஒல்லியாக, நரைத்த தாடியோடு இருந்தார்.

“அங்கிள்! நான் ஷஹானா!”

“தெரியுது. ஏன் வெயிலுக்கை வந்தனீங்கள்?”

“நீங்க போன் எடுக்கல.”

“கோவம் பிள்ளை. இல்லை எண்டு பொய் சொல்ல மாட்டன்.” கயிற்றை இறக்கி அரிசி மூட்டையை மேலே இழுக்கத் தொடங்கினார். “என்ரை மகளுக்கும் உங்கட வயசுதான். அவளோடையும் இப்பிடித்தான், கோவம் வந்தால் கதைக்க மாட்டன்.”

“தப்பு பண்ணிட்டேன் அங்கிள்.”

அவர் கயிற்றை இழுத்துக்கொண்டே இருந்தார். கடைசித் தண்ணீர்ப் பீப்பாயும் மேலே போனபின் கையை ஒரு தடவை உயர்த்திவிட்டு உள்ளே போனார்.

திரும்பும் வழியில் தலைவலித்தது. அலையில் படகு ஆட, தான் எழுதிய கடிதத்தை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். ‘ஓர் இஞ்சினியர்’ என்றுதான் எழுதியிருந்தாள். பெயர் எழுதவில்லை. தகுதியுள்ள வேறொருவர் ஏறினால் இவர் இறங்கலாம்.

ரமணி முதலில் தலையை ஆட்டினாள். “அந்தக் கப்பல்ல போயி உட்கார எவன் வருவான்?” ஆனாலும் தனக்குத் தெரிந்த பெயர்களையெல்லாம் சொன்னாள். ஷஹானா ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். ஓய்வுபெற்ற இஞ்சினியர்களுக்கு முட்டிவலி இருந்தது, பேரப்பிள்ளைகள் இருந்தார்கள். செராஸில் இருந்த ஒருவர் சிரித்துவிட்டு வைத்துவிட்டார். கடைசியில், துறைமுக இழுவைப் படகுகளில் இஞ்சினியராக வேலை செய்து ஓய்வுபெற்ற சபாபதி என்பவர், “கப்பல்ல டிவி இருக்கா?” என்று கேட்டார்.

“இல்லை அங்கிள்.”

“நல்லது. வீட்ல இருபத்திநாலு மணி நேரமும் டிவி. மூணு மாசம்னா வரேன். அதுக்கு மேல ஆகாது.”

பத்திரங்களைச் சரிபார்த்துக் கடல்துறை சம்மதிக்கவே பல வாரம் ஆனது. ஷஹானா அந்த அலுவலகப் படியைத் தேய்த்தாள். ஆய்வைத் தாமதமாகக் கொடுத்ததற்கு மார்க் குறைந்தது.

சபாபதி ஒரு தலையணையும் ரைஸ் குக்கரும் எடுத்துக்கொண்டு படகில் போனார். அதே படகு கார்த்திகேசுவைக் கொண்டுவந்தது. படகுத்துறையில் கால் வைத்ததும் அவர் தள்ளாடினார். ஷஹானா கையை நீட்டினாள். பிடித்துக்கொண்டார்.

ரமணியின் வேனில் விமான நிலையம் போகும் வழியெல்லாம் வாயைத் திறந்து தூங்கினார். உள்ளே போகும் வாசலில்தான் பேசினார்.

“கேப்டன் நல்ல மனுசன். அவரை விட்டிடாதேங்கோ.”

“விடமாட்டேன் அங்கிள்.”

“இந்த முறை அவரைக் கேட்டிட்டு எழுதுங்கோ.”

“கேட்டுட்டேன். நேத்தே கேட்டுட்டேன்.”

“கோவம் இன்னும் கொஞ்சம் கிடக்கு. வீட்டை போனால் போயிடும்,” என்று சொல்லிவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் போய் நின்றார்.

ஷஹானாவின் தொழிற்பயிற்சி முடிந்துவிட்டிருந்தது. ஆனாலும் அடுத்த திங்கட்கிழமை மையத்துக்குப் போனாள். ரமணி நிமிர்ந்து பார்த்தாள். ஒரு நாற்காலியை அவள் பக்கம் தள்ளினாள். பந்திங் ஊரில் ஓய்வுபெற்ற கேப்டன் ஒருவர் இருப்பதாக யாரோ சொல்லியிருந்தார்கள். கூப்பிட்டாள். கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறேன், அப்புறம் கூப்பிடும்மா என்றார் அவர். ஷஹானா தே ஓ ஒன்று வாங்கிவந்து குடித்துவிட்டு, மறுபடியும் கூப்பிட்டாள்.