விருதுக்குத் தகுந்த நெற்றி

"அதை எடுத்துரு ஆத்தா," என்றாள் சரஸ்வதி.

கண்ணாடி முன் நின்ற நிவேதா திரும்பவில்லை. மாமியார் எதைச் சொல்கிறாள் என்று அவளுக்குத் தெரியும். புருவங்களுக்கு நடுவே இருந்த சின்னஞ்சிறு மெரூன் பொட்டைத்தான் சொல்கிறாள். அதட்டிச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருக்கலாம். சரஸ்வதியோ கெஞ்சினாள். கெஞ்சுகிறவளிடம் என்ன சண்டை போடுவது?

"நீங்களா அத்தை சொல்றீக?"

"நான்தான் சொல்றேன். வச்சுவிட்டவளும் நான்தான், எடுக்கச் சொல்றவளும் நான்தான். என் தலையெழுத்தப் பாரு."

கூடத்தில் வீரப்பன் சட்டைப் பொத்தானைப் போட்டார், அவிழ்த்தார், மறுபடியும் போட்டார். கதவும் நிலையும் செய்து ஊரெல்லாம் பேர் வாங்கிய ஆசாரி அவர். இடுப்பு விட்டுப்போன பிறகு பட்டறைக்குப் போவதே அபூர்வமாகிவிட்டது. மருமகள் காதில் விழாமல் இருக்கட்டும் என்று தொண்டையைக் கூடச் செருமாமல் நின்றார்.

அந்த வீட்டின் ஒரே மகன் ஸ்ரீதர் தேவகோட்டை ரஸ்தாவில் லாரி மோதிச் செத்தபோது நிவேதாவுக்கு இருபத்திரண்டு வயது. கருமாதியன்று உறவுக்காரப் பெண்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்து, செய்யவேண்டியதை எல்லாம் ஒன்று விடாமல் செய்துவிட்டுச் சாப்பிடப் போனார்கள். பிறகு அவள் எம்.எஸ்.டபிள்யூ. படிக்கக் கல்லூரியில் சேர்ந்தாள். முதல் நாள் புறப்பட்டு வாசல்வரை போனவளைச் சரஸ்வதி கூப்பிட்டு நிறுத்தி, தன்னுடைய ஒட்டுப்பொட்டு அட்டையிலிருந்து ஒன்றை உரித்து அவள் நெற்றியில் ஒட்டினாள். தெருவே வாயைப் பிளந்தது. நாத்தனார் முறைக்காரி ஒருத்தி நேரிலேயே வந்து கேட்டாள். "செத்தது எம் மகன். எனக்கே உறுத்தலை, ஒனக்கு எங்குட்டு உறுத்துது?" என்று கேட்டு அவளை வந்த வழியே அனுப்பியவள்தான் இந்தச் சரஸ்வதி.

இன்றைக்கு அதே சரஸ்வதி கதவோரம் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எல்லாம் நேற்று வந்த ஒரு போனால்.

பேசியவர் கார்த்திகேய சிவம். பழைய வட்டிக்கடைக் குடும்பம் ஒன்று தங்கள் ஆச்சியின் பேரில் நடத்துகிற அறக்கட்டளைக்குச் செயலாளர். சமூகப்பணி மேற்படிப்புப் படிக்கும் ஆதரவற்ற கைம்பெண் ஒருத்திக்கு ஆண்டுதோறும் அந்த அறக்கட்டளை விருதும் உதவித்தொகையும் கொடுக்கும். இந்த ஆண்டு நிவேதாவுக்கு. அந்தத் தொகை வந்தால்தான் கடைசிப் பருவத்துக் கட்டணம். கட்டணம் கட்டினால்தான் பரீட்சை. கணவன் செத்ததற்கு ஒரு சான்று, அவள் இன்னும் வேறொருவனைக் கட்டிக்கொள்ளவில்லை என்பதற்கு ஒரு சான்று என்று கேட்ட இரண்டையும் அவள் கொடுத்துவிட்டாள். மூன்றாவது சான்றை இப்போது நெற்றியில் கேட்டார்கள்.

"தப்பா நெனைச்சுக்கிறாதீகம்மா," என்று தேனொழுகப் பேசினார் கார்த்திகேய சிவம். "உங்க போட்டோவப் பாத்துட்டு கமிட்டியில ஒருத்தரு, இந்தப் புள்ளைக்கு மறுபடி கல்யாணம் ஆயிருச்சான்னு கேட்டுப்புட்டாரு. நான்தான் சமாளிச்சேன். நாளைக்கு மலேசியாவுல இருந்து குடும்பத்தாரு வாராக. மேடையில ஆச்சி படம் இருக்கும். அதுக்குப் பக்கத்துல நிக்கிறப்ப எப்பிடி இருக்கணும்னு நான் சொல்லணுமா? நீங்களே படிச்சவுக."

"பொட்டு வைக்கக் கூடாதுன்னு விதி இருக்கா சார்?"

"சேச்சே! விதியெல்லாம் எதுக்கும்மா? நான் என்ன பழைய பஞ்சாங்கமா? பாக்குறவுகளுக்கு மனசு இளகணும்ல. அவுக மனசு இளகுனாத்தான் வருசா வருசம் இது நடக்கும். உங்களுக்குப் பெறகு வர்ற புள்ளைக படிப்பு உங்களால கெடணுமா?"

கத்தியைத் தூக்குகிறவனிடம் தப்பிக்கலாம். கையைப் பிடித்துக்கொண்டு நியாயம் பேசுகிறவரிடம் தப்பிக்க வழியே கிடையாது. நிவேதா தன் பேராசிரியர் அழகுசுந்தரத்துக்குப் போன் போட்டாள். அவர் நல்லவர். ஆபத்துக்கு உதவாத நல்லவர்.

"ஒரு மணி நேரந்தானம்மா," என்றார். "படிப்ப முடி. பெறகு ஊர் முச்சூடும் பொட்டு வச்சுவிடு, யாரு கேக்கப் போறா? உன் களப்பணியப் பத்தி நானே பாராட்டுரை எழுதிக் குடுத்திருக்கேன். கமிட்டியில ஒரு வரி கூட மாத்தாம ஏத்துக்கிட்டாக."

மாற்றியிருக்க மாட்டார்கள். படித்துப் பார்த்தால்தானே மாற்றுவதற்கு?

நிவேதா அந்தப் பொட்டை நகத்தால் நெம்பி எடுத்தாள். எடுத்ததைக் கண்ணாடியில் ஒட்டவும் மனம் வரவில்லை, கீழே போடவும் மனம் வரவில்லை. சரஸ்வதி கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அறக்கட்டளைக் குடும்பத்தின் பெரிய வீட்டில், முற்றத்தைச் சுற்றிய வளவில் நாற்காலிகள் நிறைந்திருந்தன. மேடையின் நடுவில் வெள்ளைச் சேலையில் ஆச்சியின் ஆளுயரப் படம். பத்தொன்பது வயதில் கணவனை இழந்து, எழுத்து வாசனையே இல்லாமல் சாகும்வரை இந்த வீட்டின் பின்கட்டிலேயே கிடந்தவர். தன்னைப் போன்ற பெண்கள் படிக்கட்டும் என்று நகைகளை எல்லாம் எழுதி வைத்துவிட்டுப் போனார். நிவேதாவின் பொட்டைப் பார்த்திருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பாரோ தெரியாது. செத்தவர்களின் விருப்பத்தை இருக்கிறவர்கள் தங்கள் வசதிக்குத் தகுந்தபடி சொல்லிக்கொள்கிறார்கள். மறுத்துப் பேச அவர்கள் எழுந்து வரப்போவதில்லை.

நிவேதாவை மேடையில் உட்கார வைத்தார்கள். கார்த்திகேய சிவம் அவள் நெற்றியை ஒரு பார்வை பார்த்து, திருப்தியாகத் தலையசைத்தார். அப்போதுதான் வாசலில் வேன் வந்து நின்றது.

இறங்கியவர்களை நிவேதாவுக்குத் தெரியும். அவள் களப்பணி செய்த ஊரின் பெண்கள். பயனடைந்தவர்களும் வரட்டும், கைதட்டக் கூட்டம் வேண்டும் என்று அறக்கட்டளையே வேன் அனுப்பியிருந்தது. சாக்கோட்டைக்கு அந்தப் பக்கம் உள்ள சிற்றூர் அது. காலையிலேயே அவர்களுக்குப் போன் செய்யலாமா என்று நினைத்திருந்தாள். செய்து என்ன சொல்வது? அந்தக் கேள்விக்கு விடை தெரியாமலேயே போனை வைத்துவிட்டாள்.

எல்லாரும் கைம்பெண்கள். எல்லார் நெற்றியிலும் பொட்டு. எல்லார் தலையிலும் பூ. முன்னால் வந்தவள் அன்னக்கிளி. சித்தாள் வேலை பார்க்கிறவள். அவளைப் பூ வைக்கச் செய்வதற்குள் நிவேதாவுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. ஊர்க் கூட்டத்தில் ஏச்சு வாங்கியிருக்கிறாள். அன்னக்கிளியின் கொழுந்தன் நிவேதாவை ஊருக்குள் வராதே என்று மறித்திருக்கிறான். கடைசியில் ஒருநாள் பூக்காரி, "ஆருக்குடி இம்புட்டுப் பூவு?" என்று கேட்க, "எனக்குத்தேன்," என்று அன்னக்கிளி சொன்னாள். சொல்லிவிட்டு அழுதாள். அன்றைக்கு நிவேதா பஸ்ஸில் வீடு வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தாள். அவளுக்கு விருது கிடைத்தது அன்றைக்குத்தான்.

பெண்கள் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார்கள். "டீச்சர்!" என்று கையை ஆட்டினாள் அன்னக்கிளி. அவளுக்கு நிவேதா எப்போதும் டீச்சர்தான். ஆட்டிய கை பாதியில் நின்றது. கண்ணை இடுக்கிக்கொண்டு மேடையையே பார்த்தாள். பக்கத்திலிருந்த அம்மாக்கண்ணுவின் காதில் ஏதோ சொன்னாள். அவளும் பார்த்தாள். நிவேதா தலையைக் குனிந்துகொண்டாள். தலையைக் குனிந்தால் நெற்றி இன்னும் நன்றாகத் தெரியும் என்பது அப்புறம்தான் உறைத்தது.

அழகுசுந்தரம் ஒலிபெருக்கி முன் வந்து பாராட்டுரையைப் படித்தார்.

"கணவனை இழந்த பெண்ணின் நெற்றியிலிருந்து பொட்டை அழிப்பது மனித மாண்புக்கு இழுக்கு என்று வீடு வீடாகச் சென்று எடுத்துரைத்தவர். எதிர்ப்புக்கு அஞ்சாதவர். இன்று அந்த ஊரில் எந்தப் பெண்ணையும் நெற்றியைப் பார்த்துக் கைம்பெண் என்று சொல்லிவிட முடியாது. அந்தப் பெருமைக்குரிய மாணவிதான் இதோ..."

கைதட்டல் வளவை நிறைத்தது. மலேசியாவிலிருந்து வந்தவர்களும் தட்டினார்கள். படித்தவருக்கும் உறுத்தவில்லை, கேட்டவர்களுக்கும் உறுத்தவில்லை. மூன்றாவது வரிசை மட்டும் தட்டவில்லை. அன்னக்கிளி ஆச்சியின் படத்தைப் பார்த்தாள், பிறகு நிவேதாவைப் பார்த்தாள். மெதுவாகக் கையைப் பின்னால் கொண்டுபோய், தலையிலிருந்த பூவை உருவி முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள். பிறகு முந்தானை நுனியால் நெற்றியைத் துடைத்தாள். அவளைப் பார்த்து அம்மாக்கண்ணு துடைத்தாள். அப்படியே அந்த வரிசை முழுக்க, ஒருத்தி மாற்றி ஒருத்தி, ஓசையில்லாமல் துடைத்துக்கொண்டே போனார்கள்.

வேண்டாம் என்று கத்தவேண்டும் போலிருந்தது நிவேதாவுக்கு. கத்துவதற்கு ஒலிபெருக்கியையே அவள் கையில் கொடுத்தார்கள்.

"ரெண்டு வார்த்தை பேசும்மா," என்றார் அழகுசுந்தரம்.

அவள் எழுந்து நின்றாள். சொல்லவேண்டியது எல்லாம் நெஞ்சில் வரிசையாக இருந்தது. முன் வரிசையில் சரஸ்வதி இரண்டு கைகளையும் கோத்துக்கொண்டு அவளையே பார்த்தாள். கல்லூரியில் கட்டணத்துக்குக் கொடுத்த கெடு நாளையோடு முடிகிறது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு வீரப்பன் தூணில் சாய்ந்து நின்றார்.

"எல்லாருக்கும் நன்றி," என்று சொல்லிவிட்டு நிவேதா உட்கார்ந்தாள். அவ்வளவுதான் வந்தது.

விருது கொடுத்து முடிந்ததும் எல்லாரையும் சேர்த்து நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். அந்தப் பெண்களைப் பார்த்துக் கார்த்திகேய சிவம் பூரித்துப்போனார். "பாத்தீகளா, கிராமத்துப் பொம்பளைகளுக்கு எம்புட்டு மரியாதை தெரியுது. யாரும் சொல்லிக் குடுக்கலை!" என்று மலேசியாக்காரரிடம் சொன்னார். அவருக்கும் மனம் இளகியது. அடுத்த ஆண்டுத் தொகையை இன்னும் கூட்டித் தருவதாக அங்கேயே வாக்குக் கொடுத்தார்.

வேன் புறப்படும்போது நிவேதா ஓடிப்போய் அன்னக்கிளியின் கையைப் பிடித்தாள்.

"என்னத்துக்கு அழிச்சீக? நான் சொன்னேனா?"

"நீங்க வைக்காம உக்காந்திருந்தீகள்ல டீச்சர்," என்றாள் அன்னக்கிளி, அவளைத் தேற்றுகிறவள் போல. "இந்த வீட்டுக்கு இதான் மொறைபோலன்னு நெனைச்சோம். நாங்க மினுக்கிக்கிட்டு வந்ததப் பாத்துட்டு ஒங்களுக்குக் குடுக்கிறத நிப்பாட்டிப்புட்டா? ஒங்க படிப்பு கெட்டுப்போகும்ல. நாங்க செஞ்சது சரிதானே?"

கோபமாகக் கேட்டிருந்தால் நிவேதா காலில் விழுந்திருப்பாள். இவர்கள் அவளுக்காகச் செய்திருக்கிறார்கள்.

"சரிதான் அக்கா," என்றாள். வேறு என்ன சொல்ல முடியும்?

ஓட்டுநர் வண்டியைக் கிளப்பினார். சன்னலோரம் உட்கார்ந்த அம்மாக்கண்ணு தலையை வெளியே நீட்டினாள். அவள் முகத்தில் உண்மையான சந்தேகம் இருந்தது.

"டீச்சர், ஊருக்குப் போனதுக்கு அப்புறம் நாங்க வச்சுக்கிறலாமா?"

யாரையும் கேட்க வேண்டியதில்லை என்பதைத்தான் நிவேதா அவர்களுக்கு ஒரு வருஷமாகச் சொல்லிக்கொடுத்திருந்தாள். இப்போது அவளிடம் கேட்கிறார்கள். எல்லாரும் சன்னல் வழியே அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், உத்தரவு வரட்டும் என்று.