பிரேமலா அமுக்காத பொத்தான்

தெப்ரா நகரில் ஒரு தனியார் மருத்துவமனையின் நான்காம் மாடியில் பிரேமலா பதினாறு வருடங்களாகத் தாதி. வார்டுக்குப் புதிய கணினி வந்த நாளிலிருந்து ஒரு தொல்லை. எந்த மருந்தைப் பதிந்தாலும் திரையில் சிவப்புப் பெட்டி ஒன்று எச்சரிக்கையோடு குதிக்கும். பாதி எச்சரிக்கைகள் உப்புச் சப்பில்லாதவை. அதைத் தள்ளிவிட்டு மேலே போக 'ஓவர்ரைட்' என்றொரு பொத்தான். எல்லாரும் படிக்காமலே அதைத் தட்டினார்கள். பிரேமலாவும்தான்.

அன்று நண்பகல் வெள்ளையம்மாவுக்கு ஊசி போடவேண்டும். சாஆ என்ற ஊரில் செம்பனைத் தோட்டத்தில் வழுக்கி விழுந்து, இடுப்பில் அடிபட்டு வந்தவர். வலி தாங்காமல் கட்டில் கம்பியை இறுகப் பிடித்திருந்தார். டாக்டர் ரூபேந்திரன் காலையில் எழுதிய வலி ஊசியைப் பிரேமலா பதிந்தாள். பெட்டி குதித்தது. பழக்கத்தில் விரல் பொத்தானுக்குப் போய்விட்டது. கண் மட்டும் ஒரு எண்ணில் சிக்கியது. டாக்டர் பார்த்துவிட்டுப் போன பிறகு வந்த ரத்தப் பரிசோதனை. சிறுநீரகம் பாதிக்குமேல் படுத்துவிட்டது. இந்த ஊசி மிச்சத்தையும் கெடுத்துவிடும்.

உடனே டாக்டரைத் தொலைபேசியில் அழைத்தாள்.

"அந்தக் கம்ப்யூட்டர் எல்லாத்துக்கும்தான் கத்தும். அமுக்கிட்டு ஊசியப் போடுங்க லா. எனக்கு கேஸ் காத்துக்கிட்டிருக்கு."

"ரிசல்ட்ட ஒரு தடவ பாத்துடுங்க டாக்டர்."

"நான் டாக்டரா, நீங்க டாக்டரா?"

"நீங்கதான். அதான் சொல்றேன், நீங்களே வந்து உங்க பேர்ல அமுக்குங்க. என் பேர்ல நான் அமுக்கமாட்டேன்."

மறுமுனையில் அவர் தொடர்பைத் துண்டித்தார்.

"ஊசி எங்க மிஸி?" என்று வெள்ளையம்மா முனகினார்.

"கொஞ்சம் பொறுத்துக்குங்கம்மா. உங்க உடம்புக்கு ஒத்துக்கிற மருந்தா வரும்."

சொல்லிவிட்டுக் கட்டிலருகிலேயே நின்றாள்.

பத்து நிமிடத்தில் ரூபேந்திரன் அறுவை அறை உடுப்போடு வந்து, வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினார். பிரேமலா நாற்காலியை இழுத்துத் திரைக்கு முன்னால் போட்டாள். அவர் உட்காராமல் குனிந்து படித்தார். மறுபடியும் முதலிலிருந்து படித்தார். பிறகு ஊசியை நீக்கி வேறொரு மருந்தை எழுதிவிட்டு, அவள் முகத்தைப் பாராமல் போனார்.

அரை மணி நேரத்தில் வெள்ளையம்மா கண்ணயர்ந்தார்.

மாலையில் மேட்ரன் ஐலீன் கூப்பிட்டார். "நீங்க மரியாதையில்லாம பேசினதா டாக்டர் புகார் கொடுத்திருக்காரு. ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துட்டா முடிஞ்சிரும் பிரேமலா."

"மருந்த மாத்தினத எழுதியிருக்காரா?"

மேட்ரன் புகாரை ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டு மூடினார்.

"அப்ப அத நான் எழுதுறேன்."

எழுதினாள். ரத்த எண், நேரம், நீக்கிய ஊசி, மாற்றிய மருந்து. மன்னிப்பு என்ற சொல் மட்டும் அதில் இல்லை.

இரண்டு வாரம் கழித்து நிர்வாகத்திடமிருந்து கண்டனக் கடிதம் வந்தது. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை மேட்ரன் விரலால் காட்டினார். பிரேமலா கையெழுத்திட்டு, அதன் கீழே தெளிவாக எழுதினாள்: 'பெற்றுக்கொண்டேன். ஒப்புக்கொள்ளவில்லை.'

பேனாவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு வார்டுக்குத் திரும்பினாள்.