வரப்பில் நடந்த கால்

மல்லாவியில் விஜிதரன் செயற்கைக் கால்களைப் பற்றி இணையத்தளம் நடத்துகிறான். அதிலுள்ள இணைப்பை அழுத்தி யாராவது வாங்கினால் அவனுக்குக் கொமிசன். சொந்த அனுபவம் என்றால் தேடுபொறி மேலே தூக்கிவிடும் என்பதால், போட்டே பார்க்காத ஒரு காலைப் போட்டு வரப்பில் நடந்ததாக எழுதினான். கட்டுரை முதல் பக்கத்துக்கு வந்தது.

நேற்று முள்ளியவளையிலிருந்து ஒரு பெண் அழைத்தாள்.

"தம்பி, நீங்கள் எழுதினதை இவருக்கு வாசிச்சுக் காட்டினனான். நீங்களும் கால் இல்லாத ஆளெண்டபடியால் நம்பிறார். உண்மையா அதோட சேத்துக்குள்ள நடக்கலாமோ?"

விஜிதரன் குனிந்து பார்த்தான். வெடித்துப்போன தன் பழைய செயற்கைக் காலைச் சைக்கிள் ரியூப்பால் சுற்றிக் கட்டியிருந்தான்.

"ஓம் அக்கா, நடக்கலாம்."

"அப்ப பசுவையும் கண்டுக்குட்டியையும் வித்திட்டு வாங்கிறம்."