வெளிக்காற்று

பத்தொன்பது மணி நேரம் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு, இங்குன் தீரில் என்ற தன் கைக்குழந்தையை அப்பாவின் வீட்டுக்குத் தூக்கிவந்தாள்.

வெளியே எங்கும் நீலம். நார்வேயின் வடகோடித் தீவில் ஜனவரிக் கடைசியில் பகல் என்பது அந்த நீலம்தான். இரண்டு மாதம் காணாமல் போயிருந்த சூரியன் மலைக்குப் பின்னால் வந்துவிட்டதாகப் பேச்சு. அதைக் கொண்டாட ஊரெல்லாம் ஜாம் வைத்த பன் தின்றுகொண்டிருந்தது. அப்பா ஹால்வரும் வாங்கி வைத்திருந்தார்.

"மூச்சு?" என்றார்.

"இப்ப பரவாயில்ல. குளிர்காத்து பட்டாலே இழுக்குதாம். எனக்கு இருக்கிற மாதிரியே. கொஞ்ச நாள் வீட்டுக்குள்ளயே வெச்சிருக்கச் சொன்னாங்க."

அப்பா பன்னைத் தட்டில் வைத்தார்.

டாக்டர் ஒரு கேள்வியும் கேட்டிருந்தார். இங்குனைப் பெற்றவர்களுக்குச் சின்ன வயதில் நெஞ்சில் ஏதாவது தொற்று வந்ததுண்டா? பெற்றவர்கள் எப்போதோ பட்ட நோய் பிள்ளைகளின் மூச்சில் தடம் விடுமோ என்று ஆராய்கிறார்களாம். சந்தேகம்தான், முடிவு இல்லை. இங்குனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. செத்துப்போன அம்மா ஆயுசில் தும்மியதுகூட இல்லை. அப்பாவோ இந்த வயதிலும் கடலில் குளிக்கிறவர். "எங்க வீட்டுல நோஞ்சான் நான் ஒருத்திதான்" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

திங்கட்கிழமை அவள் மீன் ஆய்வுக்கூடத்து வேலைக்குத் திரும்ப வேண்டும். பகலில் குழந்தையை அப்பா பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. அதற்காகவே தன் கையால் ஒரு தொட்டில் செய்து, உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கியிருந்தார். குழந்தையை அதில் கிடத்திவிட்டு சோபாவில் சாய்ந்ததும் இங்குனுக்குக் கண் செருகியது.

அவளுக்கு ஐந்து வயது. வராந்தாவில், கனத்த கம்பளிக்குள் படுத்திருக்கிறாள். தலைக்கு மேலே நட்சத்திரங்கள் மெல்ல நகர்கின்றன. நெஞ்சுக்குள் ஒரு சிறு பறவை இருக்கிறது. ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு கீச். பக்கத்தில் அப்பாவின் குரல்: "இழு, இங்குன். நல்லா உள்ள இழு." பறவை பறந்துபோகட்டும் என்று அவள் இழுக்கிறாள். அது போகவில்லை. வளர்கிறது. அதன் இறகெல்லாம் பனி.

கனவு பாதி, நடந்தது பாதி.

விழித்தபோது தொட்டில் காலி.

கண்ணாடிக் கதவுக்கு அப்பால் வராந்தாவில் குழந்தையின் தள்ளுவண்டி நின்றது. பனியிலும் பிள்ளைகளை வெளியே தூங்கவைப்பது அந்த ஊரில் எல்லா வீட்டிலும் உண்டு. ஆனால் இன்றைக்கு, இந்தப் பிள்ளையையா? பக்கத்தில் முக்காலி போட்டு, தலையில் தொப்பிகூட இல்லாமல் அப்பா காவல் இருந்தார்.

மீன் உலர்த்தும் பரண்களைத் தாண்டிச் சாலையில் போன பக்கத்து வீட்டு ஓட்வர் சத்தம் போட்டார். "என்ன ஹால்வர், பேத்தியையும் மீனோட சேத்துக் காயப்போட்டுட்டியா?"

"முதல்ல உன் வாயக் காயப்போடுடா!"

இங்குன் காலுறையோடு பனியில் ஓடினாள். குழந்தையின் மூக்குநுனி சில்லிட்டிருந்தது. நல்லவேளை, நெஞ்சில் சத்தம் இல்லை. உள்ளே தூக்கிவந்து, பின்னாலேயே வந்த அப்பாவிடம் திரும்பினாள்.

"குளிர் ஆகாதுன்னு சொன்னேனா இல்லையா?"

"உள்ள இருக்கிறது செத்த காத்து, இங்குன்."

"எனக்கு அஞ்சு வயசுலயும் இதையேதான் சொன்ன. விடிய விடிய இழுத்துக்கிட்டுக் கிடந்தேன்."

"நான் பக்கத்துலயே இருந்தேனே."

"இருந்த. யாரு இல்லன்னது? உள்ள தூக்கிட்டுப் போகலையே."

அப்பா தன் கைகளைப் பார்த்துக்கொண்டார்.

"இவள உங்கிட்ட விட மாட்டேன்பா" என்றாள். "வேற யாரையாவது பாத்துக்கறேன். பயந்துக்கிட்டே என்னால வேலை செய்ய முடியாது."

குழந்தையின் பக்கம் நீண்ட அவர் கை பாதியில் நின்றது.

"வெளிய இருந்தவங்கதான் பொழச்சாங்க" என்றார்.

"யாரு?"

ஜன்னலுக்கு வெளியே மலையின் நுனியில் மட்டும் ரோஜா நிறம் பிடித்திருந்தது. அவர் அதனிடம் பேசுகிறவர் போலப் பேசினார்.

"கடலோரமா நீளமா ஒரு வராந்தா. வரிசையாக் கட்டில். எனக்கு ஒன்பது வயசு. பனி கம்பளி மேலயே விழும். விழுந்தா விழட்டும், காத்துதான் மருந்துன்னு சொல்வாங்க. ரொம்ப முடியாமப் போனவங்கள மட்டும் கட்டிலோட உள்ள தள்ளிட்டுப் போவாங்க. ஒரு நாள் பக்கத்துக் கட்டில் ஆஸ்லேக். அப்புறம் ராக்னா. உள்ள போன யாரும் திரும்பி வரல."

குழந்தை இங்குனின் தோளில் கதகதப்பாகச் சாய்ந்துகொண்டது. டாக்டரின் கேள்விக்குத் தான் சிரித்தது அவளுக்கு நினைவு வந்தது.

"அது என்ன ஆஸ்பத்திரி?"

"வீட்டுக்கு வந்தப்புறமும் என் கோப்பைய மட்டும் தனியாக் கொதிக்க வெப்பாங்க. எந்தப் பையன் வீட்டு வாசலையும் ஏற விட மாட்டாங்க. உங்கம்மாகிட்டகூடச் சொல்லல. சொல்லியிருந்தா கட்டிக்கிட்டிருப்பாளா?"

"டாக்டர் கேட்டாங்கப்பா. உனக்கு எதுவும் இல்லன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

"என்னாலதான் உனக்கும் இவளுக்கும்…"

"தெரியாது. அவங்களுக்கே தெரியாது. இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஆனா நீ பேரச் சொன்னாத்தானே நான் போய்ச் சொல்ல முடியும்? காத்து மருந்தா இருந்தது உனக்கு. எங்களுக்கு இல்ல. அந்த நோய்க்கு என்ன பேரு?"

வீட்டில் வேறு யாரும் இல்லை. இருந்தும் அவர் ஒருமுறை சாலையைப் பார்த்துக்கொண்டார்.

"காசநோய்" என்றார். "எனக்குக் காசநோய் இருந்துச்சு, இங்குன்."