நாலு பல்புக்குப் பன்னிரண்டு குதிரை

என் வீட்டுக்காரர் ராசையா துறைமுகத்தில் லாஞ்ச் ஓட்டுகிறவர். சரக்கேற்றிய படகுகளைக் கட்டி இழுத்து இழுத்து, எதைப் பார்த்தாலும் எத்தனை டன் என்றுதான் அவருக்குக் கேட்கத் தோன்றும். நல்ல மனிதர். புத்திதான் கரையேறாது.

போன ஐப்பசியில் மகள் மலிகாவைப் பெண் பார்க்க வந்தார்கள். மழையில் கரண்டு போய்விட்டது. சகுனம் சரியில்லை என்று காபியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்கள். பெண் இரண்டு நாள் சாப்பிடவில்லை. இப்போது காசிமேட்டிலிருந்து இன்னொரு வரன். இதுவும் தட்டிப்போனால் ராயபுரமே வாய்க்கு வந்ததைப் பேசும். அதனால் கரண்டு போனாலும் விளக்கு எரிய, வீட்டுக்கு ஓர் எண்ணெய் இன்ஜினும் டைனமோவும் வாங்குவதென்று அவர் முடிவு செய்தார். எனக்கும் சம்மதம்தான்.

என் தம்பி ஜார்ஜ் ஒயர்மேன். நாலு பல்பு, ஒவ்வொன்றும் நாற்பது வாட், அரைக் குதிரை சக்தியே தாராளம் என்றான். இவர் கேட்டால்தானே? வீட்டை அடி வைத்து அளந்தார். சுவரைத் தட்டினார், தேக்கு பீரோவை அசைத்துப் பார்த்தார், என்னையும் மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்தார். எதிர்க்காற்றுக்கென்று தனியாகக் கொஞ்சம் கூட்டிக்கொண்டார்.

"கல்லு வூடுமே. பாரம் பாக்காம வாங்குனா நடுவுல நின்னுபூடும்," என்றார்.

"வூட்டை எண்ணூருக்கா இழுத்துகினு போவப் போறே?" என்று கேட்டேன்.

மறுநாள், உடைப்புக்குப் போன ஒரு லாஞ்சின் இன்ஜின், பன்னிரண்டு குதிரை சக்தி, மாட்டுவண்டியில் வந்து கொல்லையில் இறங்கியது. அதற்குத் தக்க டைனமோவும் கூடவே வந்தது.

ஞாயிறு சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்தார்கள். மழையும் வந்தது, கரண்டும் போனது. அதற்காகவே ஜெபம் செய்துகொண்டிருந்தவர் மாதிரி இவர் கொல்லைக்கு ஓடினார். பல்புகள் பளிச்சென்று எரிந்தன, பொய் சொல்லக் கூடாது. ஆனால் வீடே அதிர்ந்தது. தட்டிலிருந்த கோப்பைகள் நகர்ந்தன. அந்தோணியார் படம் ஆணியோடு கீழே விழுந்தது. மாப்பிள்ளையின் தாய் மலிகாவிடம் ஏதோ கேட்டாள். வாய் அசைந்தது, இன்ஜின் இரைச்சலில் குரல் கேட்கவில்லை. இரண்டாம் தடவை கேட்டாள், மூன்றாம் தடவையும் கேட்டாள். அந்த அம்மாள் முகம் சுருங்கியதைப் பார்த்தபோது, இதுவும் போயிற்று என்றே நினைத்தேன்.

மலிகா தட்டைக் கீழே வைத்தாள். நேராகக் கொல்லைக்குப் போனாள், அப்பாவின் கையை விலக்கினாள், எண்ணெய்த் திருகை மூடினாள். இன்ஜின் இருமி நின்றது. வீடு இருட்டானது. நான் தீப்பெட்டியைத் தேடித் துழாவினேன்.

இருட்டுக்குள் அவள் திரும்பி வரும் காலடி கேட்டது. மாப்பிள்ளையின் தாய் நிதானமாகப் பேசினாள்.

"எங்க வூட்லயும் ஒருத்தரு காலைலேந்து கத்திகினே கீறாரு. நீ வந்தா அவரையும் இப்டி நிறுத்துவியாம்மா?"

மாப்பிள்ளையின் தகப்பனார் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"பாக்கறேன் அத்தே," என்றாள் என் மகள்.